உப்புக் கைக்குப் பாடிய பெட்டி

விடிகாலை ஐந்தரை மணிக்கு நான் ஆம்பூரை விட்டு நான்கு கிலோமீட்டர் வந்துவிட்டிருந்தேன். டேனரி வாசனை மட்டும் விடாமல் கூடவே வந்தது. காற்று கிழக்கிலிருந்து முகத்தில் அடித்தது. ஊர் மேற்கே என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆகவே வாசனை ஊரிலிருந்து வரவில்லை, என்னிடமிருந்துதான் வருகிறது என்பது தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாசி மாதம், பனி முடிந்து வெயில் சுருக்கென்று ஏறத் தொடங்கியிருந்த காலம். மூன்று மாதம் டேனரியில் வேலை பார்த்தேன். லாரியில் வரும் பச்சைத் தோல்கள் கெடாமலிருக்க உப்புப் போட்டு மடித்திருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, உதறி, உப்பைத் தட்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது என் வேலை. முதல் வாரத்தில் விரலிடுக்கெல்லாம் வெடித்தது. இரண்டாவது வாரத்தில் எரிந்தது. அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. தோல் வெளுத்து, மெலிந்து, எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும்.

யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பவில்லை. மேஸ்திரி நல்ல மனிதர். மூன்று மாதமானால் எனக்குக் கால் அரிக்கும், அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் சொல்லிக்கொண்டேன். வேலைக்குக் கட்டிய லுங்கியை அலசிக் காயப்போட நேரமில்லை. ஈரத்தோடு ஓர் உரச்சாக்குப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பைக்குள் போட்டேன். பையில் அதைத் தவிர ஒரு சட்டை, ஒரு போர்வை. வேலூர் ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காசு இருந்தது, நடக்கத் தோன்றியது, நடந்தேன்.

மணி ஆறே முக்கால். மாதனூர்.

செருப்புக் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. பெண்கள் கையில் டிபன் கூடையோடு, தலையில் பூவோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் வேலூர் போகும் பஸ் ஒன்று அச்சு முறிந்து புளியமரத்தடியில் சாய்ந்து நின்றது. அதில் வந்தவர்கள் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்க, ஓர் ஆள் மட்டும் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. காலடியில் ஆர்மோனியத்தைவிடப் பெரிய ஒரு மரப்பெட்டி, அதோடு ஒரு ஸ்கூட்டர் பாட்டரி.

"ஆளு ஏறு, பொட்டி ஏறாது" என்றார் கண்டக்டர்.

"இது இல்லாம நான் போய் இன்னா சார் பண்றது?"

"அத நீ பொட்டியாண்ட கேளு. ரைட், ரைட்!"

பஸ் போய்விட்டது. அந்த ஆள் பெட்டிமேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் டீக்கடையில் நாற்பது பைசாவுக்கு டீ வாங்கிக் குடித்து முடிக்கும்வரை அவர் நான்கு முறை பார்த்தார். இதற்குமேல் சும்மா இருக்க முடியாமல் கிட்டே போய், "எங்க சார் போவணும்?" என்று கேட்டேன்.

அவர் பெயர் தேவநேசன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளர். சத்துவாச்சாரியில் ஒரு கல்லூரியில் அன்றைக்கு மாநாடு. ஒலியையும் இசையையும் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் கூடுகிறார்கள். பதினொன்றரை மணிக்கு இவர் பெட்டியை மேடையில் இயக்கிக் காட்ட வேண்டும். பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"இது சரியா நடக்கலன்னா என் ரூமை எடுத்துடுவாங்கண்ணா" என்றார். அறிமுகமில்லாத ஆளிடம் மனதில் இருப்பதைச் சொல்ல அச்சு முறிந்த பஸ் ஒன்று போதும். "நாலு வருஷமா ஒரு சின்ன ரூம்ல இத செஞ்சிட்டிருக்கேன். உடைஞ்ச பெஞ்சு போட எடம் இல்லன்னு பிரின்சிபால் சொல்றாரு. வேலூர்ல பெரியவங்க நாலு பேர் நல்லாருக்குன்னு சொன்னா ரூம் உனக்கு, இல்லன்னா பெஞ்சுக்குன்னு சொல்லிட்டாரு."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழரை மணிக்கு, எங்கள் டேனரிக்கு வந்துபோகும் லாரி ஒன்று தெரிந்தது. குரோம் மருந்தில் பதனிட்டு நீலமான தோலை ராணிப்பேட்டைக்கு ஏற்றிப் போகிறது. ஓட்டுபவர் காதர் பாய். கையைக் காட்டினேன்.

"இன்னா தோஸ்த், ஓடிப் போறியா?" என்றார் பாய், எஞ்சினை நிறுத்தாமல்.

"சொல்லிட்டுத்தான் பாய் வந்தேன். இந்த சார சத்துவாச்சாரில எறக்கணும்."

"பொட்டில இன்னா? பாம்பா?"

"வாத்தியம்" என்றார் தேவநேசன்.

"கச்சேரியா? அப்ப முன்னாடி வெய்யி. பின்னாடி போட்டா நம்ம சரக்கு வாசனை ஏறிடும். அப்புறம் எந்த ராகம் வாசிச்சாலும் ஆட்டுத்தோல் ராகமாத்தான் வரும்."

மூன்று பேரும் ஒரு பெட்டியும் முன்பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இடப்பக்கம் பாலாறு அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்தது. தண்ணீர் இல்லை, அகலமான வெறும் மணல். நடுவில் ஊற்று தோண்டிப் பெண்கள் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். லாரி குலுங்கும்போதெல்லாம் தேவநேசன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

எட்டே கால் மணிக்குப் பள்ளிகொண்டாவில் பாய் டீக்கு நிறுத்தினார். குலுக்கலில் ஏதாவது கழன்றிருக்குமோ என்று பயந்து தேவநேசன் பெட்டியைக் கடை பெஞ்சில் வைத்துத் திறந்தார். மேலே இரண்டே இரண்டு செப்புத் தகடுகள், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. பக்கத்தில் சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு திருகு. முன்னால் ஸ்பீக்கர். வாத்தியம் என்று சொல்லத் தந்தியும் இல்லை, கட்டையும் இல்லை.

"ரெண்டு தகட்டையும் தொட்டா நம்ம உடம்பு வழியா துளி கரண்ட் போகும். ஷாக் அடிக்காது, உறைக்கவே உறைக்காது. எவ்ளோ போகுதோ அதுக்கு ஏத்த மாதிரி சுருதி. ஒரு விரல் வெச்சா கீழ, உள்ளங்கை முழுக்க அழுத்தினா மேல. கத்துக்கணும்னு ஒண்ணும் இல்ல. தொடத் தெரிஞ்சா போதும்."

அவர் தொட்டார். டொக், டொக், டொக் என்று பல்லி சொல்வதுபோல் கேட்டது.

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்த? எங்க வூட்டு செவுத்துல நாலு இருக்குது. ஃப்ரீயா கத்தும்."

தேவநேசனின் முகம் வாடிவிட்டது. மழைக்காலத்தில் நன்றாகத்தான் பாடியதாம். அப்போதுதான் மாநாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். மாசி வெயில் வந்ததும் கை காய்ந்துபோயிற்று. போதாததற்கு நாள் முழுக்கச் சாக்பீஸ் பிடிக்கிற கை. தண்ணீர் தொட்டுக்கொண்டு முயன்றால் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. திருகைத் திருகிச் சமாளிக்கலாம் என்று நம்பி வந்திருக்கிறார்.

"நானு தொடலாமா சார்?" என்று கேட்டேன்.

இரண்டு கையையும் வைத்தேன். பெட்டி வீறிட்டது. கடைக்குள் இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பயந்து கையை லேசாக்கினேன். சத்தம் நாதஸ்வரம் இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. அழுத்தினேன், ஏறியது. ஒரு விரலை மட்டும் வைத்து உருட்டினேன், நடுங்கியது. ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போதுகூட என் குரலுக்கு ஓர் அறை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

தேவநேசன் என் கையைப் பிடித்து உள்ளங்கையைப் பார்த்தார். "இன்னா வேலைண்ணா உங்களுது?"

சொன்னேன்.

"உப்பு" என்றார் அவர். "மூணு மாசம் உப்பு." அங்கேயே உட்கார்ந்து திருகை என் கைக்கு ஏற்றபடி பாதியாகக் குறைத்தார். "நீங்க என்கூட மேடையில நிக்கணும்ணா. நான் பேசறேன். நீங்க தொடுங்க, அது போதும்."

எனக்கு வேறு வேலை இல்லை. சரி என்றேன்.

ஒன்பதே முக்காலுக்குச் சத்துவாச்சாரி. அப்போது அங்கே ரோட்டின் இரு பக்கமும் மனைக்கற்கள்தான் அதிகம், வீடுகள் கம்மி. பாய் இறக்கிவிட்டு, "தோஸ்த், பல்லி கத்துச்சின்னா பேஜாராயிடும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ராணிப்பேட்டைப் பக்கம் போனார். கல்லூரி வாசலில் தென்னங்கீற்றுத் தோரணம், துணிப் பேனர். தேவநேசன் பெட்டியோடு உள்ளே போனார். என்னைப் பின்பக்கம் சமையல்கூடத்தில் இருக்கச் சொன்னார்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

சமையல்கூடத்தில் லூர்து அக்கா என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். நான் படியேறும் முன்பே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எந்த டேனரிப்பா நீ? ஆம்பூரா பேரணாம்பட்டா?"

"ஆம்பூர். மேடையில நிக்கணும்னு சார் கூட்டியாந்தாரு."

"மேடையிலயா? இந்த நாத்தத்தோடயா? மெட்ராஸ்லேந்து பெரிய பெரிய ஆளுங்க வந்துருக்காங்க. இரு."

அக்கா சும்மா சொல்கிறவர் இல்லை. துணிச் சோப்பில் பாதி வெட்டிக் கொடுத்தார். அடுப்புச் சாம்பல் கொடுத்தார். பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி ஒரு கை அள்ளிக் கொடுத்தார். குழாயடியில் அரைமணி நேரம் தேய்த்தேன். கையைக் கொண்டுபோய் நீட்டினேன். முகர்ந்து பார்த்து, "இன்னும் இருக்குது, போ" என்றார். மறுபடி தேய்த்தேன். மூன்றாம் முறை தலையசைத்தார். வெயிலில் காயவைத்துக்கொண்டு வந்தபோது, ஆணியில் மாட்டியிருந்த தன் பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து என் இரண்டு உள்ளங்கையிலும் கொட்டினார்.

"நல்லா தேச்சிக்க. இப்ப பாரு, கல்யாண மாப்ள கை."

பையிலிருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக என் கையில் எந்த வாசனையும் இல்லை. மரியாதையான இடத்துக்குப் போகிறோம், சுத்தமாகப் போகிறோம் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பதினொன்றரை மணி. கூடத்தில் நூறு பேர் இருக்கலாம். எங்களுக்கு முன்னால் ஒருவர் தம்பூராவின் ஒலியைச் சின்னத் திரையில் பச்சைக் கோடாக ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில் மேசை போட்டுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். மெட்ராஸிலிருந்து வந்த மூத்த பேராசிரியர், வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி. அவர் முன்னால் ஒரு பித்தளை மணி. நேரம் முடிந்ததும் தட்டுவார். யாராக இருந்தாலும் பாதி வாக்கியத்தோடு இறங்க வேண்டியதுதான். தம்பூராக்காரரும் அப்படித்தான் இறங்கினார். என் பையை வாசலோரம் வைத்துவிட்டு மேடையேறினேன்.

தேவநேசன் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசினார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கையை வைத்தேன்.

டொக். டொக். டொக்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேவநேசன் திருகைத் திருகினார். டொக்டொக் கொஞ்சம் வேகமாயிற்று, அவ்வளவுதான். தலைவரின் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து என் கையில் ஊற்றினார். பவுடர் கூழாகிக் கையோடு ஒட்டிக்கொண்டது. பெட்டி தவளைபோல் ஒருமுறை கரகரத்துவிட்டு மறுபடி பல்லியாயிற்று.

"இன்னாண்ணா பண்ணீங்க?" என்று காதோரம் கேட்டார்.

"கை கழுவினேன் சார். மூணு தரம். அப்புறம் பவுடர் போட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. தன் நாலு வருஷத்தையும் குழாயடியில் கழுவி விட்டவனைப் பார்ப்பதுபோல் என் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக, "பரவால்லண்ணா" என்றார். அந்த ஒரு சொல்தான் என்னைக் கீழே இறக்கியது. மேடையிலிருந்து குதித்து, நடுவழியே ஓடி, வாசலில் இருந்த என் பையை எடுத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினேன். உரச்சாக்குப் பிளாஸ்டிக்கை அவிழ்த்தேன்.

முந்தின நாள் சாயங்காலத்து லுங்கி, சாயம் போகிற நீல லுங்கி. ஒரு ராத்திரி முழுக்க மூடிக் கிடந்து புழுங்கியிருந்தது. முதல் வரிசையில் வெள்ளைக் கைக்குட்டைகள் ஒரே நேரத்தில் மூக்குக்குப் போயின. இரண்டு பேர் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். நான் லுங்கிக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டுப் பிழிந்தேன். உப்புத்தண்ணீர் பவுடரைக் கரைத்துக்கொண்டு மேடையில் சொட்டியது. மூன்று மாதமாகத் தெரிந்த பழைய எரிச்சல் விரலிடுக்கில் வந்ததும், கை வேலைக்கு ஆகும் என்று தெரிந்தது. கையைத் தகட்டில் வைத்தேன்.

பெட்டி பாடியது. கூடத்தின் மூலைவரை போய்த் திரும்பி வந்தது. நான் ஏற்றினேன், இறக்கினேன், விரலை உருட்டினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் எழுந்தார். கைதட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் காலடியைக் குனிந்து பார்த்தார். "அந்த மனிதர் காலால் ஏதாவது ஸ்விட்சை மிதிக்கிறாரா? பழகின ஆளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது, மிஸ்டர் தேவநேசன்" என்றார். கேள்வி நியாயமானதுதான்.

"வேற ஒருத்தர் வரட்டும் சார்" என்றார் தேவநேசன். "ஒரு தகட்டை அவர் தொடட்டும், இன்னொண்ண இவர் தொடட்டும். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சாத்தான் சத்தம் வரும். விட்டா நின்னுடும். இதுல ஏமாத்த முடியாது." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யாராவது வர்றீங்களா?" என்று கேட்டார்.

யாரும் வரவில்லை. எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள், நீலமும் சாம்பலுமாக அதிலிருந்து சொட்டுவதைப் பார்த்தார்கள், தங்கள் குறிப்பேட்டைப் பார்த்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எனக்கே முதல் வாரம் சோறு இறங்கவில்லை. தலைவரின் கை மணிப்பக்கம் நகர்ந்தது. நான்கு வருஷமும் ஒரு சின்ன அறையும் அந்தப் பித்தளை மணிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தன.

"நான் வர்றேன், இருங்க!"

பின்வாசலில் காபித் தட்டோடு லூர்து அக்கா நின்றிருந்தார். தட்டை யாரோ ஒரு பேராசிரியரின் மடியில் வைத்துவிட்டு நடந்து வந்தார். "நான்தான் இவன கழுவ வெச்சேன். நான்தான் பவுடர் போட்டேன். கெடுத்தவதான சரி பண்ணணும்? இன்னா சார் தொடணும்? இதா?"

பாத்திரம் கழுவிய ஈரத்தோடு ஒரு கையைத் தகட்டில் வைத்தார். மறு கையால் என் கையை ஓங்கி ஓர் அறை அறைந்தார். பெட்டி ஒரு கூவல் கூவி நின்றது.

"ஐயய்ய! கத்துதுடா இது!" மறுபடி அறைந்தார். மறுபடி கூவியது. பிறகு, குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல் என் புறங்கையில் ஒரே விரலால் தடவினார். சத்தம் மெல்லிய இழையாக எழுந்து ஆடியது. கூடம் முழுக்கச் சிரித்தது, ஆனால் இது வேறு சிரிப்பு. "யோவ், உன் கை நாறுது. ஆனா நல்லா பாடுது."

தலைவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, "என்னையும் சேர்த்துக்கங்க" என்று வீட்டுத் தமிழில் சொன்னார். அக்கா முந்தானையில் கையைத் துடைக்கப் போனார். "தொடைக்காதம்மா, அப்படியே குடு" என்றார். ஒரு கையில் அக்காவின் கை, மறு கையில் என் கை. பெட்டி அவர் வழியாகப் பாடியது. சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் என் கையை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். கண்ணை மூடிக் கேட்டார்.

எங்களுக்குக் கொடுத்த பதினைந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. மணி அடிக்க வேண்டியவரின் இரண்டு கைகளும் வேலையாக இருந்தன.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. அக்கா எனக்கு மட்டும் இரண்டு அப்பளம் வைத்தார். தேவநேசன் இலையில் கைவைக்கும் முன்பே வந்து சொன்னார்: தலைவரே பிரின்சிபாலுக்குக் கடிதம் எழுதித் தருகிறாராம், அறையை எடுக்கக் கூடாது என்று. சொல்லிவிட்டு, "நீங்க எங்க காலேஜுக்கு வந்துடுங்கண்ணா. அட்டெண்டர் வேலை கேட்டுப் பாக்கறேன். எட்டாவது சர்டிபிகேட் இருக்குதுல்ல?" என்றார்.

"அஞ்சாவதோட நிறுத்திட்டேன் சார். அதுவும் இல்லாம நான் எதுக்கு? ஒரு கிண்ணத்துல உப்புத் தண்ணி வெச்சிக்கங்க. தொட்டுட்டு வாசிச்சா யார் கையும் பாடும்."

அவர் என்னையே பார்த்தார். இவ்வளவு படித்தவருக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நான் கேட்கவில்லை. பெட்டிக்குள் இருப்பதை நான்கு வருஷம் பார்த்தவர் அவர். கைக்கு என்ன ஆகும் என்பது என் பாடம்.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். மாநாடு மறுநாளும் இருந்ததால் அவர் வாசல்வரை வந்து நின்றுகொண்டார். கை கொடுத்தார். வெறும் கைதான், சத்தம் ஏதும் இல்லை. இருந்தாலும் இருவரும் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றோம்.

பாலாற்றுப் பாலம் வழியாகக் காட்பாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் நடை. பாலத்தின் நடுவில் நின்று மணலைப் பார்த்தபோது என் ஊர் நினைவு வந்தது. நான் அரக்கோணத்துக்காரன். ரயில் மாறுவதற்காக மட்டுமே ஆட்கள் வந்து இறங்கும் ஊர். ஆயிரம் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போவார்கள், அடுத்த வண்டியில் மறந்துவிடுவார்கள். நானும் அப்படியே வளர்ந்து, அப்படியே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மூன்று பேர் என் கையைப் பிடித்தார்கள். கணக்குப் பார்த்தால் அந்த வருஷத்தில் அதுவே அதிகம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காட்பாடி கூட்ஸ் ஷெட்டில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த வேகன்கள். உள்ளே முழுக்க உப்பு மூட்டை, எல்லாம் லாரியில் மேற்கே டேனரிகளுக்குப் போவது. உப்பு தூக்குபவன் கையில் வெட்டுக்காயம் இருக்கக் கூடாது. இருந்தால் எரிச்சல் தாங்காமல் மதியத்துக்குள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவிடுவான். அதனால் ஷெட் மேஸ்திரி ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்த்தார்.

என் முறை வந்தது. இரண்டு கையையும் பிடித்தார், திருப்பினார், கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். அவர் கையும் ஈரமாகத்தான் இருந்தது.

"பழகின கைதான்" என்றார். "இன்னா நின்னுட்டே? ஏத்து."

முதல் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டேன்.